யவனரின் மொழியைப் படிக்க ஓர் இடம் வேண்டும்: தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் மாண்பமை துணைவேந்தர்களுக்கும், வரலாறு, தொல்லியல், தமிழ் ஆகிய துறைகளின் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

அரசு கலைக் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். அந்த ஆண்டுகளில் பெரும்பாலும் இளங்கலை மாணவர்களுக்கான 'உலக நாகரிகங்கள்' தாள் என் பொறுப்பிலேயே இருந்தது. எகிப்து, மெசபடோமியா, சீனம் ஆகியவற்றுக்குப் பின்னால் கிரேக்கத்துக்கும் ரோமுக்கும் ஓர் அலகு ஒதுக்கியிருப்பார்கள். பெரிக்ளிஸ் காலம் ஏன் பொற்காலம் எனப்படுகிறது, உலகிற்கு ரோமானியர் அளித்த கொடை யாது என்ற இரண்டு வினாக்களில் ஒன்று தேர்வில் கட்டாயம் வரும் என்பது மாணவர்களுக்குத் தெரியும். சாலை, சட்டம், நாட்காட்டி, கட்டடக்கலை என்று வரிசையாக எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஏனென்றால் அந்தப் பட்டியலைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

கிரேக்க, ரோமானிய நாகரிகத்தை மூல மொழிகளில் படிப்பதற்கு நம் பல்கலைக்கழகங்களில் வழி செய்ய வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். பெரிய துறை எதையும் கேட்கவில்லை. வரலாறு, தொல்லியல், தமிழ் ஆகியவற்றில் முதுகலை படிக்கும் மாணவர் ஒருவர் விரும்பினால் கிரேக்கத்தையோ இலத்தீனையோ நான்கு பருவங்கள் முறையாகக் கற்க, குறைந்தது இரண்டு பல்கலைக்கழகங்களிலாவது இடம் இருக்க வேண்டும். சங்க காலக் கடல் வணிகத்தைப் பற்றி ஓயாமல் பேசும் நாம், அந்த வணிகத்தின் மறுகரையில் எழுதப்பட்டவற்றை இன்றுவரை ஆங்கிலத்தின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தே படித்துவருகிறோம். அப்படிப் படிப்பதால் விளையும் பிழைகளில் ஒன்றை நானே பதினான்கு ஆண்டுகள் கற்பித்தேன் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த மூத்த பிளினி, தம் 'இயற்கை வரலாறு' நூலின் ஆறாம் பகுதியில், இந்தியா ஆண்டுதோறும் ரோமப் பேரரசிடமிருந்து எவ்வளவு பணத்தை உறிஞ்சுகிறது என்று ஒரு கணக்குச் சொல்கிறார். நான் வகுப்பில் சொன்ன எண் 55 கோடி செஸ்டர்ஸ் (அது ரோமானிய நாணயம்). பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றிலிருந்து எடுத்தது அது. பிறகு வேறொரு கட்டுரையில் ஐந்தரைக் கோடி என்று கண்டேன். மற்றொன்றில் ஐந்து கோடி. அச்சுப்பிழை என்று நினைத்து என் எண்ணிலேயே நின்றேன். இலத்தீன் தெரிந்த நண்பர் ஒருவர் அந்த வரியை என் எதிரே விரித்து வைத்து விளக்கிய நாளில்தான் எனக்கு உண்மை புரிந்தது. இலத்தீனில் பெருந்தொகையை எண்ணும்போது 'நூறாயிரம்' என்ற அளவைச் சொல்லாமலே விட்டு, அது எத்தனை மடங்கு என்பதை மட்டும் சொல்வார்கள். ஏட்டில் அதை எண்ணெழுத்தின் மேலும் இரு பக்கமும் கோடிட்டு, ஒரு திறந்த பெட்டிக்குள் அடைத்ததுபோல் காட்டுவார்கள். பிளினியின் வரியில் அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஐந்நூறைக் குறிக்கும் எழுத்து. ஐந்நூறு நூறாயிரம் என்றால் 500 இலட்சம், அதாவது ஐந்து கோடி. சில பதிப்புகள் அதன் அருகில் ஐம்பதைக் குறிக்கும் எழுத்தையும் சேர்த்து வாசித்ததால் அது ஐந்தரைக் கோடி ஆயிற்று. அந்த ஐந்தரைக் கோடியை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் பெருக்கலில் தவறவே 55 கோடி ஆகிவிட்டது.

ஆங்கில மாணவர் இந்தக் கணக்கை மில்லியனுக்கு மாற்றித் தடுமாற வேண்டியிருக்கிறது. 'இலட்சம்' என்ற அலகை அன்றாடம் புழங்கும் நம் மாணவருக்கோ அரை நிமிட வேலை. அதே பிளினி பன்னிரண்டாம் பகுதியில் இன்னொரு தொகையை 'மீலியென்ஸ் கெந்தேனா மீலியா' என்று விரித்தே எழுதுகிறார். ஆயிரம் முறை நூறாயிரம், நம் கணக்கில் ஆயிரம் இலட்சம், பத்துக் கோடி. ஆனால் அது இந்தியா, சீனர், அரேபியத் தீபகற்பம் மூன்றும் சேர்ந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லப்படும் தொகை. நம் மேடைகளில் அது இந்தியாவின் கணக்கில் மட்டும் வரவு வைக்கப்படுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அடுத்த வரியிலேயே, நம் சொகுசுகளுக்கும் நம் பெண்களுக்கும் நாம் கொடுக்கும் விலை இவ்வளவு என்று அவர் சலித்துக்கொள்கிறார். சுங்கச்சாவடிப் பதிவேட்டைப் பார்த்து எழுதிய எண்ணா, ஊதாரித்தனத்தைக் கண்டிக்கும் பெரியவர் வாயில் வந்த எண்ணா என்பதைத் தீர்மானிக்க அந்தச் சலிப்பின் தொனியையும் கேட்டாக வேண்டும். அது மொழிபெயர்ப்பில் பாதிதான் கேட்கிறது.

'எரித்ரேயக் கடற் பெரிப்ளூஸ்' என்ற கையேட்டின் கதை இதைவிட நுட்பமானது. எகிப்திலிருந்து கிரேக்கம் பேசும் வணிகர் ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதிய இந்நூல், பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரே ஒரு கையெழுத்துப் படியை நம்பி உயிர் பிழைத்தது. அது ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நூலகத்தில் இருக்கிறது. 1912இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் நம் கரைக்கு 'தமிரிகா' என்று பெயர் வருகிறது. பெரிப்ளூஸ் தமிழகத்தைத் தமிரிகா என்றே அழைத்தது என்று எழுதாத தமிழ்க் கட்டுரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் கையெழுத்துப் படியில் இருக்கும் சொல் 'லிமுரிகே'. தாலமியின் புவிநூலிலும் அப்படியே. கிரேக்கப் பேரெழுத்தில் லகரம் இரண்டு கோடுகள் சாய்ந்து முட்டும் ஒரு கூரை. 'தமிரிகா'வின் முதலெழுத்தான டகரம் அதே கூரையின் அடியில் ஒரு கோடு கிழித்தது. படியெடுத்தவர் ஒருவர் அந்த அடிக்கோட்டைத் தவற விட்டிருக்கலாம், பழைய ரோமானியச் சாலை வரைபடமான பியூட்டிங்கர் வரைபடத்தில் 'தமிரிகே' என்ற வடிவம் இருப்பது அதற்குச் சான்று என்று கருதித்தான் அந்த மொழிபெயர்ப்பாளர் பெயரைத் திருத்தினார். திருத்தியதைக் குறிப்பிலும் சொன்னார். குறிப்பு வரை யார் போகிறார்கள்? அவருடைய ஊகம் சரியாகவே இருக்கலாம். எனக்கும் அதன்மேல் சாய்வு உண்டு. ஆனால் ஊகத்தை ஊகம் என்று தெரிந்து ஏற்பதும், அதை ஏட்டின் சொல் என்று மயங்கி மேற்கோள் காட்டுவதும் ஒன்றல்ல. பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்றில், பெரிப்ளூஸின் 'மூலச்சொல்' தமிரிகாதான் என்பதை அடித்தளமாக்கி ஓர் இயலே எழுதப்பட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். நெறியாளரோ தேர்வாளர்களோ அதைத் தடுக்கவில்லை, தடுக்கும் கல்வியை நாம் அவர்களுக்குக் கொடுக்கவும் இல்லை.

அதே மொழிபெயர்ப்பு சேரநாட்டுத் துறைமுகமான முசிறியைப் பற்றி, அரேபியாவிலிருந்து சரக்கேற்றி வரும் கப்பல்களும் கிரேக்கர் கப்பல்களும் அங்கே நிறைந்திருக்கும் என்கிறது. கிரேக்க மூலத்தில் இருப்பது அரேபியா அல்ல, 'அரியகே'. இந்தியாவின் வடமேற்குக் கரையில் இருந்த நிலப்பகுதி அது. குசராத், மராட்டியக் கரைப்பக்கத்திலிருந்து முசிறிக்கு வந்துபோன உள்நாட்டுக் கப்பல்களின் வரலாறு, ஒரு சொல் மாறியதால் அரேபியர் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. பிற்கால மொழிபெயர்ப்பு அதைச் சரிசெய்துவிட்டது. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதோ பழைய மொழிபெயர்ப்பு. எனவே நம்மிடையே புழங்குவதும் அதுதான்.

பிழை திருத்துவதற்காக மட்டும் இரண்டு மொழிகளைக் கற்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். இருகரை எழுத்துகளையும் ஒரே மேசையில் வைத்துப் படிப்பவருக்குக் கிடைப்பது வேறு வகையான காட்சி. முசிறியில் இறங்குவதைப் பிளினி பரிந்துரைப்பதில்லை. பக்கத்தில் கொள்ளையர் இருக்கிறார்கள் என்கிறார், சரக்கும் அதிகம் இல்லை என்கிறார்; பிறகு, கப்பல் நிற்குமிடம் கரையிலிருந்து வெகு தொலைவு, சரக்கைச் சிறு தோணிகளில்தான் கொண்டுவரவும் கொண்டுபோகவும் வேண்டும் என்று குறைப்படுகிறார். அவர் முணுமுணுக்கும் அதே தோணிகளைப் புறநானூற்றின் 343ஆம் பாட்டில் பரணர் கரையில் நின்று பார்க்கிறார்: 'கலந்தந்த பொற்பரிசம் கழித்தோணியாற் கரைசேர்க்குந்து'. கப்பல் ஆழ்கடலில் நிற்கிறது, பொன் கழித்தோணியில் வருகிறது, வீடுகளில் குவித்த மிளகு மூட்டைகள் கரையில் ஆரவாரத்தோடு குவிந்து கிடக்கின்றன. ஒருவருக்கு அலைச்சல், மற்றவருக்கு வளம். ஒரே துறைமுகத்தின் ஒரே நடைமுறையை இரண்டு பேர் இரண்டு மனநிலையில் பதிந்திருக்கிறார்கள். இதை ஒப்பிட்டு எழுத வேண்டியவர் பரணரை உரையின்றிப் படிக்கத் தெரிந்தவராகவும், பிளினியின் கறாரான இலத்தீனில் எங்கே தகவல் முடிந்து எங்கே புகார் தொடங்குகிறது என்று அறிந்தவராகவும் இருக்க வேண்டும். முதல் தகுதியுள்ளவர்கள் நம்மிடம் நிறையப் பேர்.

வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில், முசிறிப் பாப்பிரஸ் எனப்படும் கிழிந்த தாள் ஒன்று இருக்கிறது. (நான் முன்பு சொன்ன பியூட்டிங்கர் வரைபடமும் அதே நூலகத்தில்தான் இருக்கிறது என்பதை நினைக்கும்போது, நம் ஊர்க் கதையில் பாதி அந்த ஒரு கட்டடத்துக்குள் பூட்டிக் கிடப்பதாகத் தோன்றும்.) கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தத் தாளின் ஒரு பக்கத்தில் முசிறிப் பயணம் தொடர்பான கடன் ஒப்பந்தம். மறுபக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்ற கப்பல் கொண்டுவந்த கங்கைப் பகுதி நறுமணப் பொருள், யானைத்தந்தம் ஆகியவற்றின் மதிப்பீடு. நாலில் ஒரு பங்கு சுங்கவரி, ஒட்டகத்தில் ஏற்றிப் பாலைவனம் கடந்து கோப்டோஸ் சேர்ப்பது, அங்கிருந்து நைல் வழியே அலெக்சாந்திரியாக் கிடங்கு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தம் வரையறுக்கிறது. 1985இல் முதன்முதலாகப் பதிப்பிக்கப்பட்ட இத்தாளின் வாசிப்பும் கூட்டுத்தொகையும் இன்றுவரை அறிஞர்களால் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. முசிறியின் பெயரைத் தாங்கிய ஒரு வணிகப் பத்திரத்தைப் பற்றிய அந்த விவாதத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஒரு குரலை நான் கேட்டதில்லை.

மறுகரையில் அகழ்ந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எகிப்தில் செங்கடல் ஓரத்துக் குசெய்ர் அல்-காதிமில் எழுத்துப் பொறித்த பானை ஓடு கிடைத்தபோது அது கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனின் பார்வைக்கு வந்தது; அவர் 'பானை ஒறி' என்று தமிழ்-பிராமியில் வாசித்தார். உறியில் தொங்கவிடும் பானை. இப்போது அரிக்கமேட்டுக்கு வருவோம். 1945இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது இத்தாலியில் செய்த செந்நிற மட்கலங்கள் முத்திரையோடு கிடைத்தன. ஒன்றில் 'காமுரி' என்று இருந்தது. பெயரைப் போலத் தோன்றினாலும் அது ஆறாம் வேற்றுமை வடிவம். 'காமுரியுஸ் என்பவனுடையது' என்று பொருள். நம் கொடுமணல் ஓடுகளில் பெயர் பொறித்தவர்களுக்கும் அந்தக் குயவனுக்கும் ஒரே கவலை, தன் பொருள் யாருடையது என்று தெரிய வேண்டும் என்பதுதான். வீலர் அந்த ஓட்டின் காலத்தை அடையாளம் கண்டது தற்செயல் அல்ல. அவர் இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் கிரேக்க, இலத்தீன் இலக்கியம் படித்தவர். ஆனால் அதே கல்விதான் அவரை ஒரு பள்ளத்திலும் தள்ளியது. மீனவர்கள் எளிமையாக வாழ்ந்த கரையில் மத்தியதரைக் கடல் நாகரிகம் வந்து இறங்கியதும் ஊர் எழுந்தது என்ற சித்திரத்தை அவர் வரைந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பேக்லி நடத்திய அகழாய்வு, ரோமானியப் பொருள் வருவதற்கு முன்பே அங்கே ஊரும் வணிகமும் இருந்ததைக் காட்டி அந்தச் சித்திரத்தைக் கலைத்தது. எனவே ரோமை ஆராதிக்கும் படிப்பு நமக்கு வேண்டாம். நம் கேள்விகளோடு அந்த மொழிகளுக்குள் நுழையும் ஆட்கள் வேண்டும்.

இந்த மொழிகள்மீது நமக்கு ஓர் ஒவ்வாமை இருப்பதும் அதற்குக் காரணம் இருப்பதும் எனக்குத் தெரியும். 1855இல் இந்தியக் குடிமைப் பணிக்கு முதன்முதலாகப் போட்டித் தேர்வு நடந்தபோது கிரேக்கத்துக்கு 750 மதிப்பெண், இலத்தீனுக்கு 750, சமஸ்கிருதத்துக்கு 375. தமிழுக்கு ஒன்றும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்த கனவான்களின் பிள்ளைகள் எளிதில் தேறும்படி அமைந்த தராசு அது. அந்தத் தராசு போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஆண்டவர்கள் தங்கள் கௌரவத்துக்குப் பயன்படுத்திய ஒரு கருவியை, அவர்கள் போன பிறகு நாம் நம் வேலைக்கு எடுத்துக்கொள்ளாமல் விட்டது நமக்குத்தான் நட்டம். ஆங்கிலத்தை அப்படி விடவில்லையே.

இன்னொன்று, இது தமிழ்த்துறையினருக்கு. தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு எழுதிய 'கிராம்மாட்டிகா டமுலிகா' என்ற தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலே நகரில் அச்சானது. அது இலத்தீனில் எழுதப்பட்டது. வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு, அதாவது பேச்சுத்தமிழுக்கு, எழுதிய இலக்கணமும் இலத்தீனில்தான். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் பெயர்த்ததும் இலத்தீனில்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் தரங்கம்பாடித் தெருவில் மக்கள் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு அந்த இலக்கணங்களைவிட நெருக்கமான சாட்சிகள் அதிகம் இல்லை. பேச்சுத்தமிழ் வரலாற்றில் ஆய்வு செய்பவர், தம் சொந்த மொழியைப் பற்றிய ஆவணத்தைப் படிக்க மொழிபெயர்ப்பாளரின் தயவை நாட வேண்டியிருப்பது வினோதமான நிலை.

'உலக நாகரிகங்கள்' தாளையும் இதே நோக்கில் மாற்றி அமைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மொழி கற்க முடியாத இளங்கலை மாணவரிடமும் மூல ஆவணத்தின் பத்துப் பக்கத்தை நல்ல தமிழில் கொடுக்க முடியும். ஏதென்ஸ் அரசமைப்பைப் பற்றி அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் நூல் எகிப்திய மணலில் கிடைத்த பாப்பிரஸிலிருந்து 1891இல் வெளியானது. ஐந்நூற்றுவர் அவைக்குக் குடிமக்களைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்த முறை அதில் இருக்கிறது. அதன் அருகில் உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டை வைத்தால் வகுப்பு தானே நடக்கும். அங்கே முப்பது வயது நிரம்பியிருக்க வேண்டும். இங்கே முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். இங்கே கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். அங்கே பெண்களும் அடிமைகளும் எந்தச் சீட்டிலும் இல்லை. இங்கே ஓலையில் யார் பெயர் ஏறவே முடியாது என்ற கேள்வியை மாணவரே எழுப்புவார். இரண்டையும் 'மக்களாட்சியின் தொட்டில்' என்ற ஒற்றைத் தொடரில் கட்டிப்போட்டுவிட்டு நகர்கிற இன்றைய முறையில் அந்தக் கேள்விக்கு இடமே கிடையாது.

உலகெங்கும் இத்துறை சுருங்கும்போது நாம் ஏன் தொடங்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். சுருங்குவது உண்மைதான். அமெரிக்காவில் ஹோவர்டு பல்கலைக்கழகம் 2021இல் தன் செவ்வியல் துறையைக் கலைப்பதாக அறிவித்தது. அதே ஆண்டு பிரின்ஸ்டன், செவ்வியல் படிப்பவர் கிரேக்கமோ இலத்தீனோ கட்டாயம் கற்க வேண்டும் என்ற விதியை நீக்கியது. இங்கிலாந்தில் அரசுப் பள்ளிகளுக்கான இலத்தீன் திட்டத்தின் நிதி 2025 பிப்ரவரியில், கல்வியாண்டின் நடுவிலேயே, நிறுத்தப்பட்டது. அவர்களுக்கு இது பரம்பரைச் சொத்தைப் பராமரிக்கும் பிரச்சினை. நமக்கு இது தூரத்தில் இருக்கும் நம் பத்திரத்தைப் படிக்கும் பிரச்சினை. ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைய தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. வெளியாட்கள் நம் நூல்களை மூலத்தில் படிக்க வேண்டும் என்று விரும்பித்தான் கொடுத்தோம். 2021இல் சட்டப்பேரவையில், எகிப்தின் குசெய்ர் அல்-காதிமிலும் ஓமனின் கோர் ரோரியிலும் தமிழர் தடங்களைத் தேடி ஆய்வு நடத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டபோது நான் மகிழ்ந்தேன். குசெய்ர் அல்-காதிம் போன்ற செங்கடல் துறைமுகங்களில் மண்ணைக் கிளறினால் கைக்கு வரும் ரோமானியர் காலத்து எழுத்துச் சான்றுகளில் பெரும்பகுதி கிரேக்கத்திலும் இலத்தீனிலும் மையால் எழுதிய ஓட்டுச் சில்லுகள்: சுங்கச் சீட்டுகள், ஒட்டக வாடகை ரசீதுகள், சரக்குக் குறிப்புகள். அங்கே போகிற நம் குழுவில் அவற்றை வாசிக்கத் தெரிந்தவர் யார்?

ஆசிரியர்களுக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு. புதிய ஏற்பாட்டை மூலத்தில் படிப்பதற்காக இறையியல் கல்லூரிகளில் கிரேக்கம் கற்பிக்கிறார்கள். புதிய ஏற்பாடும் பெரிப்ளூஸும் ஒரே நூற்றாண்டின் பொதுக் கிரேக்கத்தில் எழுதப்பட்டவை. ஹோமரையோ சோஃபோக்ளிஸையோ படிக்கத் தேவைப்படும் நெடுந்தவம் இதற்குத் தேவையில்லை. ஓய்வுக்குப் பிறகு நானும் என் பழைய மாணவர்கள் மூவரும் அத்தகைய ஆசிரியர் ஒருவரின் வீட்டு முன்னறையில் சனிக்கிழமை காலைகளில் உட்கார்ந்தோம். அறுபது வயதைத் தாண்டியவனுக்கு வினைத்திரிபு வாய்பாடுகள் மனத்தில் நிற்கவில்லை என்பதை வெட்கமின்றிச் சொல்கிறேன். இளையவர்கள் வேகமாகப் போனார்கள். ஆங்கில இலக்கண நூலை ஓரமாக வைத்துவிட்டு வேற்றுமை, பெயரெச்சம், வினையெச்சம் என்று நம் சொற்களில் குறிப்பெடுக்கத் தொடங்கியதும் பாடம் இளகியது. பெரிப்ளூஸ் ஆசிரியர் எச்சங்களை அடுக்கி, கடைசியில் ஒரு முற்று வைத்து வாக்கியத்தை முடிக்கும்போது, ஆங்கிலத்தில் நான்காக உடையும் அந்த வாக்கியம் தமிழில் உடையாமல் வருகிறது. இலத்தீனில் வேறு எழுவாய் கொண்டு தனித்து நிற்கும் ஒரு தொடரமைப்பு மாணவரை வாட்டும் என்பார்கள். 'ஞாயிறு எழுந்தென' என்று 'செய்தென' வாய்பாட்டில் ஒரு எடுத்துக்காட்டைச் சொன்னதும் தமிழ் முதுகலை படித்த மாணவி, இவ்வளவுதானா ஐயா என்று கேட்டார்.

பெரிப்ளூஸ் நூலின் 66 பிரிவுகளில் நம் கரையைப் பற்றியவற்றை முடிக்க எங்களுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. 54ஆம் பிரிவில் முசிறிக்கு வரும் அடைமொழியில் அந்த மாணவி ஒரு காலைப்பொழுது முழுவதும் நின்றுவிட்டார். 'அக்மாசூசா': உச்சத்தில் இருப்பது, கனி முற்றிய பருவம்போல் செழித்திருப்பது. பழைய மொழிபெயர்ப்பில் அது கப்பல்கள் 'நிறைந்திருப்பது' என்று மெலிந்துவிட்டது. அகநானூற்றின் 149ஆம் பாட்டில், யவனர் கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும் அந்த ஊருக்கு எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் கொடுத்த அடை 'வளங்கெழு முசிறி'. இரண்டையும் தம் குறிப்பேட்டில் அருகருகே எழுதிக் கீழே கோடிட்டார். பெரிப்ளூஸ் அங்கே வந்த கப்பல்களைக் 'கிரேக்கக் கப்பல்கள்' என்றுதான் சொல்கிறது, 'ரோமானியக் கப்பல்கள்' என்று சொல்லவில்லை என்பதையும் கண்டுபிடித்தவர் அவரே. அயோனியர் என்ற கிரேக்கக் கிளையின் பெயரிலிருந்து கிளைத்த 'யவனர்' என்ற சொல்லை நம் புலவர்கள் இடமறிந்தே பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று அதற்குக் குறிப்பும் எழுதினார். அந்தக் குறிப்பேட்டுக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஒரு மதிப்பீட்டுப் புள்ளிகூட இல்லை.

எனவே நான் கேட்பது இதுதான். விருப்பப்பாடங்களுக்கு இப்போது இருக்கும் விதிகளின்கீழ் கிரேக்கத்தையும் இலத்தீனையும் புள்ளியோடு கூடிய பாடங்களாக ஏற்றுக்கொள்ளுங்கள். நிரந்தரப் பணியிடம் உருவாகும் வரை, அருகிலுள்ள இறையியல் கல்லூரிகளோடு ஒப்பந்தம் செய்து வருகைப் பேராசிரியர்களை அழையுங்கள். பெரிப்ளூஸ், பிளினி, ஸ்டிராபோ, தாலமி ஆகியோர் நம் கரையைப் பற்றி எழுதிய பகுதிகளை மூலத்திலிருந்து நேரடியாக, பாடவேறுபாடுகளைக் காட்டும் குறிப்புகளோடு தமிழில் பதிப்பிக்க ஒரு சிறு குழுவை அமையுங்கள். எங்கள் சனிக்கிழமைக் குறிப்பேடுகள் நான்கும் அந்தக் குழுவுக்குக் கிடைக்கும். அவற்றில் பிழைகள் இருக்கின்றன, சிவப்பு மையில் திருத்தங்களும் இருக்கின்றன.

பாடத்திட்டக் குழுக்கள் வழக்கமாகக் கோடை விடுமுறைக்கு முன் கூடும். எங்களுக்குக் கற்பித்த ஆசிரியர் வரும் ஜூன் மாதம் ஓய்வுபெற்றுச் சொந்த ஊரான தூத்துக்குடிப் பக்கம் போகிறார். மேலும் இரண்டு ஆண்டுகள் கற்பிக்கத் தமக்குச் சம்மதம் என்று சொல்லியிருக்கிறார். வகுப்பறையும் பேருந்துக் கட்டணமும் கிடைத்தால் போதுமாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்